ரெண்டு நிமிஷம் ஓடட்டும்

பெஞ்சின் மேல் கழற்றி வைத்திருந்த டர்போ சூடாக இருந்தது.

அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு, தன் விரல்களையே நம்பாதவராகப் புறங்கையால் மறுபடி தொட்டார். சூடுதான். மூன்று வாரமாக எந்தக் குழாயோடும் சேராமல் கிழிந்த பனியன் துணியின் மேல் கிடக்கும் வெறும் இரும்பு அது. எஞ்சின் விடும் புகையாலேயே சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் நத்தை வடிவக் கூடு. சுழற்ற இப்போது புகையும் இல்லை, ஓடும் எஞ்சினும் இல்லை. ஆனாலும் தகரக் கூரையில் மழை தூறிக்கொண்டிருந்த அந்த மதியத்தில், புது பெயின்டின் நெடியையும் ஈரச் சுவரின் வாடையையும் விலக்கிக்கொண்டு, தீய்ந்த ஆயிலின் மணம் மெல்ல எழுந்து வந்தது. கூடவே ஒரு சத்தம். சூடேறிய இரும்பு ஆறும்போது வருமே, அந்த டிக், டிக். உள்ளேயிருந்து யாரோ நகத்தால் தட்டுவது போல.

டயர் கடைக்காரர் ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்பதால் அவருக்குக் கிலோமீட்டர் என்று பெயர்.

"இதைக் கொஞ்சம் தொட்டுப் பாரும்."

கிலோமீட்டர் உள்ளங்கையை முழுதாகப் பதித்தார். "என்ன லிப்டுக்காரரே? லேட்டா போனா என் வீட்டுக்காரி பாக்குற பார்வை மாதிரி ஜில்லுன்னு இருக்கு."

"சூடா இல்ல?"

"உமக்குத்தான் ஜுரம். போய்ப் படும். நாளைக்கு டிராக்ல வண்டிய ஓட்டப்போற ஆளு நீரு." நாலு டயரையும் உருட்டி வைத்துவிட்டு, நாலு கதையும் சொல்லிவிட்டு அவர் போனார்.

லிப்டுக்காரரின் வேலை லிப்ட் பழுதுபார்ப்பது. எதைத் தொடுவதானாலும் முதலில் நிறுத்து, பிறகு தொடு. இருபத்தாறு வருடத்தில் அந்தப் பாடம் மூளையிலிருந்து விரலுக்கு இறங்கிவிட்டது. போன வருடம் அந்த விரல்தான் தவறு செய்தது.

விடுமுறை நாளில் வண்டிப் பைத்தியங்கள் கூடி டிராக்கை வாடகைக்கு எடுத்துச் சுற்றுவார்கள். பரிசும் கிடையாது, கோப்பையும் கிடையாது. இப்போது ஷெட்டில் அவர் சரிசெய்துகொண்டிருக்கும் இந்தப் பழைய காரைத் தம்பி ஐந்து சுற்று விரட்டிவிட்டு உள்ளே கொண்டுவந்தான். அப்போது அவன் மனைவியிடமிருந்து போன் வந்தது. "ரெண்டு நிமிஷம் ஓடட்டும்ணே. டர்போ ஆறணும், நிறுத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போனான். பானெட்டுக்குக் கீழே ஏதோ சொட்டுவது போலிருந்தது. குனிந்து பார்ப்பதற்குள் அவர் கை தானாகச் சாவியைத் திருப்பிவிட்டது. எஞ்சின் நின்றது. பதறிப்போய் மறுபடி ஸ்டார்ட் செய்தார். தம்பி திரும்பி வந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த சுற்றில் டர்போவின் ஆயில் குழாய் வெடித்தது. தீ. தம்பியின் சீட் பெல்ட் கழலவில்லை.

கொதிக்கும் எஞ்சினைச் சட்டென்று நிறுத்தியதால் உள்ளே நின்ற ஆயில் கரியாகி வழியை அடைத்திருக்கிறது என்றார் வந்து பார்த்த நிபுணர். போன் பேசும் அவசரத்தில் தம்பியே நிறுத்தியிருப்பான் என்று ஆஸ்பத்திரிப் பிணவறை வராந்தாவில் யாரோ சொன்னார்கள். தம்பி மனைவி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவரும்தான் கேட்டுக்கொண்டு நின்றார். அன்று முதல் அவள் யாருக்கும் போன் செய்வதில்லை. வந்தால் எடுப்பாள், அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு அவள் பிளாஸ்க்கோடு வந்தாள். ஈரக் குடையை வாசலிலேயே சாய்த்து வைத்தாள்.

"மாமா, டீ. நாளைக்கு ஓடிடுமா?"

"ஓடிடும்மா."

"ஒரே ஒரு சுத்து பாத்துட்டா போதும். அப்புறம் வித்துடுங்க." காரின் கூரையைத் துணியைத் தடவுவதுபோலத் தடவினாள். "அன்னிக்கு நான் எதுக்குப் போன் பண்ணினேன் தெரியுமா? உருளைக்கிழங்கு வாங்கிட்டு வரச் சொல்லி. ஒரு கிலோ உருளைக்கிழங்கு மாமா."

டிக் சத்தம் நின்றது. பெஞ்சின் மேல் ஏதோ ஒன்று காது கொடுத்துக் கேட்பது போல இருந்தது.

அவன் நிறுத்தலம்மா, நான்தான். இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. ஒரு வருடமாக அவள் சுமந்துகொண்டிருந்த மூட்டையை இறக்கிவைக்க ஒரு மூச்சு போதும். கடவுள் இவ்வளவு அகலமாக ஒரு கதவைத் திறந்துவைப்பது அபூர்வம். அவர் வாயைத் திறந்தார்.

"டீயில சக்கரை கம்மியா இருக்கு."

"ஐயோ, அப்படியா? நாளைக்குச் சரியா போட்டுடறேன்." டம்ளரைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "இன்னிக்கு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்கன்னா பின்தெருவுல என் வீடு வரைக்கும் கேக்கும். கேட்டதும் நானே உங்களுக்குப் போன் பண்ணட்டுமா? இந்தப் பயத்தை எப்பவாச்சும் விட்டுத்தானே ஆகணும்."

"பண்ணும்மா" என்றார். நாளைக்குச் சொல்லிவிடலாம். ஒரு சுற்று ஓடி முடியட்டும். நாளைக்கு.

தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு டர்போவைத் தூக்கி எஞ்சினில் பொருத்தினார். உறைக்குள்ளும் சுட்டது. ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கும்போது அது முனகியது. ஆயில் குழாய் புதிது. பெல்ட் புதிது. பூட்டு புதிது. எல்லாம் புதிது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாரல் உள்ளே அடித்தது. எழுந்து போய் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு, போனைப் பெஞ்சின் மேல் பனியன் துணியில் வைத்தார்.

சீட்டில் உட்கார்ந்து, நாளைக்கு ஒத்திகையாக, தன் உடம்புக்குத் தளர்த்தியிருந்த பெல்ட்டின் நான்கு பட்டைகளையும் மார்பின் குறுக்கே மாட்டினார். பூட்டு சொடக்கென்று விழுந்தது. சாவியைத் திருப்பினார்.

வண்டி முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. என்ன அழகான சத்தம்! தகரக் கூரை அதிர, பெயின்ட் டப்பாக்கள் அதிர, ஒரு வருடத்தில் முதல்முறையாக அவர் நெஞ்சில் ஏதோ லேசானது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக இரண்டு நிமிடம் ஓடவிட்டார். இந்தமுறை சரியாக. பிறகு சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் நிற்கவில்லை.

மறுபடி திருப்பினார். சாவியையே உருவினார். சாவி கையில் இருந்தது. எஞ்சின் ஓடியது. வண்டியின் மெயின் சுவிட்சைத் தட்டினார். கரண்ட் போனது. விளக்குகள் அணைந்தன. எஞ்சின் ஓடியது.

தீய்ந்த ஆயில் மணம்.

பூட்டை அழுத்தினார். சுட்டது. மறுபடி அழுத்தினார். விரலின் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. பட்டைகள் ஒரு விரற்கடை இறுகின. இன்னும் ஒன்று. குட்டையான ஒரு உடம்பின் அளவுக்கு. தம்பியின் அளவுக்கு.

பக்கத்து சீட்டு காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதன் மெத்தை அமுங்கியிருந்தது.

"ரெண்டு நிமிஷம் ஓடட்டும்ணே."

கோபமில்லாத குரல். அன்றைக்குப் போலவே. உலகத்தில் அவரை அண்ணே என்று கூப்பிட ஒரே ஒருவன்தான் இருந்தான்.

"நான்தான்டா நிறுத்தினேன்!" என்று கத்தினார். "நான்தான்!"

"தெரியும்ணே. என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

பானெட்டின் காற்றுத் துளைகள் வழியே ஒரு சிவப்பு. மங்கல் சிவப்பு. ரத்தச் சிவப்பு. ஆரஞ்சு. புது பெயின்ட் கொப்பளித்தது. எங்கோ முன்னால், சொட்டு, சொட்டு.

அப்போது போன் அடித்தது.

கைக்கு எட்டாத பெஞ்சின் மேல், திரையில், 'தம்பி வீடு'. ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் செய்யும் முதல் போன். அவர் உண்மையைக் கத்தினார். ஒவ்வொரு சொல்லாக, தொண்டை கிழியக் கத்தினார். எஞ்சின் அத்தனையையும் விழுங்கியது. பட்டைகள் இறுகின. காற்று போதவில்லை. பானெட்டின் விளிம்பில் முதல் தீ நாக்கு எட்டிப் பார்த்தது.

இந்தமுறையும் தன் போனால்தான் என்று நினைப்பாள்.

மணி ஓய்ந்தது. பனியன் துணியின் மேல் அந்த எழுத்துகள் அணைந்தன. கொஞ்ச நேரம் இருட்டாக இருந்து, பிறகு, பொறுமையாக, மறுபடி எரிந்தன.