காலக்காவலனின் பச்சை விளக்கு

காலையில் எழுந்ததும் பூங்கோதை குழாயைத் திறந்து காற்று வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. குடத்தில் தண்ணீர் பிடிப்பதைப்போல அன்றைய காற்றை உருளைகளில் பிடித்து வைத்தாள். மகள் குயிலியின் உருளையில் மட்டும் அளவு முள் கொஞ்சம் மேலே ஏறும்வரை விட்டாள். அந்தக் கூடுதல் காற்று பூங்கோதை தன் பங்கிலிருந்து கொடுத்தது. செவ்வாய்க் கோளின் செவ்வூரில், கீழ்க்கூடத்துத் தாய்மார் எல்லாரும் செய்கிற காரியம்தான். அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

குயிலிக்கு நுரையீரல் பலவீனம். ஒருநாள் சாப்பிடும்போதே இருமி, மூச்சு முட்டி விழுந்துவிட்டாள். புழுதிக்காலம் தொடங்குவதற்குள் அவளைக் காற்று செறிவாக இருக்கும் மேற்கூட மருத்துவமனைக்கு மாற்றியாக வேண்டும் என்று மருத்துவ எந்திரம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. மேற்கூடத்தில் படுக்கைகள் கொஞ்சம், கேட்பவர்கள் கொள்ளை. விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பூங்கோதை இரண்டு முறை கொடுத்தாள், இரண்டு முறையும் சிவப்பு விழுந்தது. மூன்றாவது முறையும் சிவப்பு விழுந்தால் புழுதிக்காலம் முடிந்த பிறகுதான் மறுபடி கொடுக்க முடியும். அதுவரை பிள்ளை தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது.

சிக்கல் நோயில் இல்லை, ஆங்கிலத்தில் இருந்தது. செவ்வூரில் யாரும் ஆங்கிலம் பேசுவதில்லை. எல்லார் காதுக்குப் பின்னாலும் மொழிச்சில்லு பதித்திருக்கிறது. யார் எந்த மொழியில் பேசினாலும் கேட்பவருக்கு அவரவர் மொழியில் கேட்கும். குப்பை அள்ளும் எந்திரம்கூடத் தமிழில்தான் திட்டும். ஆனால் எந்த விண்ணப்பம் என்றாலும், நடந்ததைச் சில்லை அணைத்துவிட்டு, சொந்தக் கையால் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். முதல் கப்பலில் வந்தவர்கள் போட்ட விதி. எதற்காகப் போட்டார்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, இப்போது கேட்கலாம் என்றால் அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை.

எழுதியதைச் சோதிக்க அலுவலகத்து ஜன்னலில் காலக்காவலன் உட்கார்ந்திருந்தது. பார்வைக்கு வெறும் தகரப் பெட்டி. பிள்ளைக்கு என்ன நோய் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நடந்து முடிந்ததைச் சொல்லத் தொடங்கினால், கடைசிவரை வினைச்சொற்கள் இறந்தகாலத்திலேயே நிற்க வேண்டும். நடுவில் ஒன்று நழுவி நிகழ்காலத்துக்கு வந்தாலும் சிவப்பு எரியும்.

"இந்தத் தடவை 'இஸ்' எல்லாத்தையும் 'வாஸ்' ஆக்கிருவல்ல?" என்று கேட்டான் கணவன் ஆவுடையப்பன். பனிச்சுரங்கத்தில் வேலை அவனுக்கு. இன்று மகளுக்குக் காவலாக வீட்டிலேயே இருந்தான்.

"வீட்டுல எழுதிப் பாக்கையில எல்லாம் சரியாத்தாங்க வருது. அங்க போய் உக்காந்தா, புள்ள விழுந்த எடம் வரைக்கும் நல்லாப் போகுது. அவ நீலம்பாரிச்சுக் கெடந்ததை எழுதும்போது கை தன்னால மாறிருது."

"ஏன் மாறுது?"

"எனக்கென்ன தெரியும்? அப்போ அவ என் முன்னாடிதானே கெடக்கா!"

அவள் சொன்னதில் தவறு இல்லை. நம் ஆட்கள் விபத்தைச் சொல்லும் விதம் அது. 'நேத்து நான் ரோட்டுல போறேன், திடீர்னு ஒரு வண்டி வருது, நான் குதிக்கிறேன்' என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்பவனும் கூடவே குதிப்பான். காலக்காவலனுக்கு அப்படியெல்லாம் குதிக்கத் தெரியாது.

அலுவலகத்தில் எழுதும் அறைக்குள் நுழைந்ததும் சில்லு அணைந்தது. பூங்கோதை பேனாவைப் பிடித்தாள். மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், இருமினாள், விழுந்தாள். எல்லாம் கடந்துபோனது, எல்லாம் 'வாஸ்'. நீலம்பாரித்த இடம் வந்தது. கை தயங்கியது. அந்தப் பிள்ளை தன் பிள்ளையே இல்லை, யாரோ எப்போதோ பெற்ற பிள்ளை என்று அவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். முகத்தை நினைக்காமல் வினைச்சொற்களை மட்டும் நினைத்தாள். தாய் தூக்கினாள், தாய் ஓடினாள், தாய் அழுதாள். முற்றுப்புள்ளி வைத்தபோது, பிள்ளைக்குத் துரோகம் செய்துவிட்டதுபோல அவளுக்கு இருந்தது.

தாளைக் காலக்காவலனிடம் நீட்டினாள். பெட்டி உறுமியது. ஒரு வரியில் நின்றது, திரும்பிப் போய் மறுபடி படித்தது. பிறகு பச்சை எரிந்தது.

உள்ளே படுக்கை அலுவலர் திருமலைக்கொழுந்து உட்கார்ந்திருந்தார். வழுக்கைத் தலை, களைத்த முகம். தாளை வாங்கியவர் அதைப் பார்க்கக்கூட இல்லை, மேசையில் இருந்த இன்னொரு பெட்டிக்குள் செருகினார். அது தமிழில் வாசித்தது: "குழந்தை இருமியது. குழந்தை விழுந்தது. தாய் தூக்கினாள். தாய் ஓடினாள்."

பூங்கோதை திகைத்துப்போனாள். "சார், நீங்க அதைப் படிக்கலையா?"

"எனக்கெங்கம்மா இங்கிலீஷ் தெரியும்? என் வேலைக்கான விண்ணப்பத்தையே எங்க மாமாதான் எழுதிக் குடுத்தாரு."

"அப்ப, பூமியில மேலிடத்துல...?"

"அங்கயும் இதே பெட்டிதான். சரி, இதுல சவம் மாதிரி எழுதியிருக்கு. நீங்க சொல்லுங்க, பாப்பாவுக்கு என்ன செய்யுது?"

அவள் சொன்னாள். தமிழில், அடைத்துவைத்ததெல்லாம் உடைய, சொன்னாள். "புள்ள விழுறா சார், நான் ஓடுறேன், கையில தூக்குறேன், உதடெல்லாம் நீலமா இருக்கு..." திருமலைக்கொழுந்து நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார். அவள் முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். "படுக்கை குடுத்தாச்சு. நாளைக்கே கூட்டிட்டு வந்துருங்க."

பூங்கோதை அங்கேயே அழுதாள். கும்பிட்டாள். பிள்ளை பிழைத்துவிட்டது.

அவள் கிளம்பும்போது அலுவலர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு உதவிம்மா. இனிமே தமிழ்லயே எழுதிக் குடுத்தா போதும்னு விதியை மாத்தச் சொல்லி மேலிடத்துக்கு நானே ஒரு விண்ணப்பம் போட்டேன். அதையும் இங்கிலீஷ்லதான் போடணும். காலக்காவலன் ஒவ்வொரு தடவையும் சிவப்பு போடுது. நீங்கதான் பச்சை வாங்கிட்டீங்களே, உக்காந்து ஒண்ணு எழுதிக் குடுங்களேன். வெளிய எத்தனை பேரு நிக்கிறாங்க பாருங்க."

பூங்கோதை கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். வரிசை வளைந்து வளைந்து போயிற்று. பெண்கள் உதட்டை அசைத்து 'வாஸ், வேர்' என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். பூங்கோதைக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மேற்கூடத்தில் படுக்கைகள் எவ்வளவு கொஞ்சம் என்பது நினைவுக்கு வந்தது. அவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

"எதுக்கு சார் மாத்தணும்?" என்றாள். "தமிழ்னா கண்டவங்களும் எழுதிட்டு வந்துருவாங்களே. ஒரு தரம்னு இருக்க வேண்டாமா?"