பந்து நிற்காத மட்டை

பந்து மறுபடியும் மேசையைத் தாண்டிப் பறந்து, தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் போய் விழுந்தது.

"இன்னைக்கு இது பதினோராவது," என்றாள் அபிநயா. "நீ விளையாட வந்தியா, என்னை ஓட வைக்க வந்தியா?"

மோகனா என்கிற மோகனப்பிரியா கையிலிருந்த புது மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. பார்க்க அவ்வளவு அழகு.

நாமக்கல்லில் அவர்கள் படிக்கும் பள்ளியில் சனிக்கிழமை டேபிள் டென்னிஸ் தேர்வு ஆட்டம். மாவட்டப் போட்டிக்கு நான்கு பேர்தான் போகலாம். அபிநயாவோடு சேர்த்து மூன்று பேரை மஞ்சுளா டீச்சர் ஏற்கெனவே எடுத்துவிட்டார். மீதியிருந்த ஓர் இடத்துக்கு மோகனாவும் எட்டாம் வகுப்பு தனப்பிரியாவும் மோத வேண்டும்.

போன வாரம் வரை மோகனாவுக்குப் பயமில்லை. பள்ளிக்கூடத்துப் பழைய மட்டையால் எந்தப் பந்தையும் பொறுமையாகத் தடுத்துத் திருப்பி அனுப்புவாள். எதிரில் இருப்பவர்கள் அடித்து அடித்துக் களைத்து, தாங்களாகவே தப்புச் செய்வார்கள். அதுதான் அவள் ஆட்டம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அருணகிரி சேலம் போய் மரக்கட்டையும் ரப்பரும் தனித்தனியாக வாங்கி வந்து, தன் கையாலேயே ஒட்டிக் கொடுத்தார். அன்று பிடித்தது வினை.

பழைய மட்டையையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சனிக்கிழமை அப்பா லீவு போட்டுவிட்டு ஆட்டம் பார்க்க வருகிறார். அவர் முகம் வாடிவிடுமே.

"உன் மட்டையைக் கொஞ்சம் குடு," என்றாள் மோகனா.

மாற்றிக்கொண்டார்கள். மோகனா தடுத்த பந்து சொன்ன பேச்சைக் கேட்டது. மேசையிலேயே அடக்கமாக விழுந்தது. புது மட்டையால் அபிநயா ஓங்கி ஒன்று விட்டாள். பந்து போன வழியே தெரியவில்லை.

"இதுதாண்டி எனக்கு வேணும்," என்றாள் அபிநயா. "என்னோடதுல எவ்வளவு அடிச்சாலும் பந்து தூங்கிட்டே போகுது."

மோகனா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மரக்கட்டைகளில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் புதிய ரப்பருக்கு அடியில் இருந்த ஸ்பாஞ்சு நல்ல தடிமன். தொட்டாலே பந்தைத் தூக்கி எறியும். அபிநயாவுடையது தட்டுவடை மாதிரி மெலிசு.

"ரப்பரை மட்டும் மாத்திக்கலாமா?"

"எங்க வீட்ல கேட்டுச் சொல்றேன். உங்கப்பாகிட்ட யாரு சொல்றது?"

"அதுதான் தெரியலை," என்றாள் மோகனா.

மாலையில் அபிநயாவின் வீட்டில் சரி சொல்லிவிட்டார்கள். மோகனா நேராக அப்பா வேலை செய்யும் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போனாள். அருணகிரி ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, இந்நேரத்துக்கு?"

"ஒண்ணு கேக்கோணும்ப்பா. முட்டை வண்டிக்கும் கோழி வண்டிக்கும் ஒரே மாதிரிதான் பாடி கட்டுவீங்களா?"

"அதெப்படி? முட்டை வண்டி குலுங்காமப் போகோணும். கோழி வண்டிக்குக் காத்து வரோணும். என்ன ஏத்தறாங்கன்னு கேக்காம நான் பலகையில கையே வெக்க மாட்டேன்."

மோகனா மட்டையை எடுத்து நீட்டினாள். "என்னோட ஆட்டம் முட்டை வண்டி மாதிரிங்கப்பா. குலுங்கக் கூடாது. இந்த ரப்பர் குலுக்குது. உங்க மேல தப்பில்லீங்கப்பா."

அருணகிரி இழைப்புளியைக் கீழே வைத்தார். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"அப்பாடா. பந்து நிக்க மாட்டேங்குதுன்னு நீ போன்ல அபிநயாகிட்டச் சொன்னியே, கேட்டேன். நான்தான் கோணலா ஒட்டிட்டேன்னு நெனைச்சுட்டு இருந்தேன். மூணு நாளாச் சோறே எறங்கலை."

"நெசமாவா?"

"கடைக்காரர் கேட்டாரு, பாப்பா அடிச்சு ஆடுமா, தடுத்து ஆடுமான்னு. தடுத்துன்னு சொன்னாக் கொறைச்சலா இருக்குமோன்னு, அடிச்சுன்னு சொல்லிட்டேன். மரத்தைச் சரியா எடுத்தேன். ரப்பர்ல கோட்டை விட்டுட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் இரண்டு மட்டைகளும் பட்டறைப் பலகையில் கிடந்தன. அருணகிரி ரப்பர்களை ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உரித்தார். பசை தடவி, காயவிட்டு, இடம் மாற்றி ஒட்டினார்.

"இந்த ஓரத்துல ரப்பர் அரை நூல் அகலம் கொறையுது, பரவால்லையா?"

"டீச்சர்கிட்டக் கேட்டுட்டோம் மாமா. கொஞ்சம் கொறைஞ்சாலும் ஆடலாமாம்," என்றாள் அபிநயா.

சனிக்கிழமை தனப்பிரியா அடித்தாள். மோகனா தடுத்தாள். மறுபடி அடித்தாள். மறுபடி தடுத்தாள். முதல் ஆட்டம் தனப்பிரியாவுக்குப் போனது. இரண்டாவது மோகனாவுக்கு. மூன்றாவதில் பத்துக்கு ஒன்பது. மோகனாவுக்கு இன்னும் ஒரு புள்ளி போதும். பந்து இங்கும் அங்கும் இருபது தடவையாவது போய் வந்திருக்கும். கடைசியில் தனப்பிரியா பொறுமையிழந்து ஓங்கி அடித்தாள். பந்து வலையில் விழுந்தது.

மஞ்சுளா டீச்சர் நான்காவது பெயரை எழுதினார்.

மோகனா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அருணகிரி வியர்வையைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது சாமி. ஒரு பந்தையாச்சும் சீக்கிரம் முடிக்கக் கூடாதா?"

"அதுக்குத்தான் அபிநயா இருக்கறாளே," என்று சொல்லிவிட்டு, மோகனா தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்தாள்.