எட்டாம் நாள் எழுதியது

ஒரு தறி கூட ஓடவில்லை. வெண்ணந்தூர் நெசவாளர் தெருவுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த உபகாரசாமிக்கு முதலில் உறைத்தது அதுதான். உச்சி வெயில். வீடுகள் எல்லாம் திறந்து கிடந்தன, உள்ளே யாரையும் காணோம்.

அவர் அம்மை குத்துகிறவர், பெரியம்மைக்குத் தடுப்பூசி போடும் அரசாங்க ஊழியர். போன மாதம் இந்தத் தெருவில் அறுபத்திரண்டு பேருக்குக் குத்தினார். அன்று ராசிபுரத்தில் பஸ் பழுதாகி வெயிலில் நான்கு மணி நேரம் நின்றதில் பெட்டியிலிருந்த ஐஸ் முழுக்க உருகிவிட்டது. மருந்து கெட்டிருக்கும் என்று தெரியும். திரும்பிப் போனால் அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். குத்திவிட்டார். எட்டாம் நாள் வந்து பார்த்தபோது, மருந்து பிடித்ததற்கு அடையாளமான கொப்புளம் ஒருவர் கையிலும் எழும்பியிருக்கவில்லை. எல்லோருக்கும் எழும்பியதாகவே பதிவேட்டில் எழுதினார். அன்றிரவு நன்றாகத் தூங்கவும் செய்தார்.

இந்தத் தெருவில் ஒரு பிள்ளைக்கு அம்மை என்று போன வாரம் கேள்விப்பட்டதும், பெரியம்மையோ என்று சந்தேகப்பட்டு, புது மருந்து கேட்டுச் சேலத்திலிருக்கும் அதிகாரிக்கு எழுதிப் போட்டார். இன்று காலை பதில் வந்தது. 'உமது பதிவேட்டின்படி தெருவில் எல்லோருக்கும் அம்மை குத்தியாகிவிட்டது. எனவே இது சின்னம்மையே. மருந்து அனுப்ப வேண்டியதில்லை.'

உண்மையைச் சொன்னால் நாளைக்கே மருந்து வரும். அவர் வேலை போகும்.

கடைசி வீட்டு நிலையில் மட்டும் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளேயிருந்து மெதுவாகப் பாட்டு வந்தது. குனிந்து நுழைந்தார். வேப்பிலை வாசம், மஞ்சள் வாசம், இரண்டையும் மீறிக்கொண்டு சீழின் வாடை. கண்ணுக்கு இருட்டு பழகப் பழக, சுவரோரம் தலைகள் தெரிந்தன. பெண்கள். பிள்ளைகள். இன்னும் பிள்ளைகள். தெருவே அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

நடுவில் வாழையிலையில் ஆறு வயது ராசாத்தி கிடந்தாள். முகத்தில் ஊசி குத்த இடமில்லை. உள்ளங்கையிலும் கொப்புளம். உள்ளங்காலிலும். சின்னம்மை இப்படி வராது.

"வாங்க சாமி," என்றாள் அவளுடைய அம்மா சென்னியம்மாள். "இவளுக்கு மட்டுந்தானுங்க அன்னைக்குக் குத்தல. வாழப்பாடியில மாமன் ஊட்டுல இருந்தா."

"இவங்கெல்லாம் ஏன் இங்க...?"

"ஆத்தாளுக்குத் தாலாட்டு பாட வந்திருக்கறாங்க. முந்தியெல்லாம் ஒருத்தரும் வாசப்படி மிதிக்க மாட்டாங்க. இப்பத்தான் நீங்க குத்தீட்டீங்களே, என்ன பயம்?"

எல்லா முகமும் அவரைப் பார்த்துச் சிரித்தது. அவருக்குக் கூசியது. செத்துப்போகலாம் போலிருந்தது.

சென்னியம்மாள் மடியிலிருந்த கைக்குழந்தையை ராசாத்தியின் பக்கத்தில் கிடத்தினாள்.

"கொழந்தைய..."

"ஏனுங்க சாமி?"

பாட்டு நின்றது. எல்லோரும் காத்திருந்தார்கள். வேலை. பென்ஷன். பதிவேட்டில் அவர் கையெழுத்து.

"ஒண்ணுமில்லீங்க."

பாட்டு மறுபடி தொடங்கியது. ராசாத்தி கண் திறக்காமலே கையை நீட்டித் தம்பியைத் தேடினாள். கன்னத்தைத் தொட்டாள். குழந்தை சிரித்தது. அந்த விரலைப் பிடித்து, வாயில் வைத்து, சப்பத் தொடங்கியது.