அடங்காளுக்குள் நின்ற தண்ணீர்

பூரணம் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து பாலசுந்தரத்தின் வீட்டுக் கதவைத் தட்டியபோது, அவள் சேலைக் கரையில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தின் சேறு இன்னும் ஈரமாக இருந்தது. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் தேவலை என்று நாகையாவுக்குத் தோன்றியது. அந்த முகத்தில் இருந்த கோபத்தைக் கண்டு அவனே ஒரு எட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"என்ர படகைக் கடலில தாட்டுப்போட்டாங்கள் அண்ணை," என்றாள். "தானாத் தாண்டது எண்டு எல்லாரும் சொல்லுகினம். நான் நம்பமாட்டன்."

பாலசுந்தரம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு மொழியில் பொய் கேட்டுப் பழகிய காது அவருக்கு. நாகையா வாடகைக் கார் ஓட்டுகிறவன். முன்பு செந்தூல் ரயில் பட்டறையில் எடுபிடி. ஐயாவுக்கு ஒரு வழக்கு வந்தால் போதும், அன்றைய சவாரியையெல்லாம் மறந்துவிடுவான். வாயை மட்டும் அடக்கமாட்டான். ஐயா சட்டையை மாட்டுவதற்குள் காரைத் தட்டி எழுப்பி வாசலில் நிறுத்திவிட்டான்.

கிள்ளான் சாலையில் போகும்போது முழுக் கதையும் வந்தது.

பூரணம் வல்வெட்டித்துறைக்காரி, பாய்க்கப்பல் கட்டுகிற குடும்பம். கல்யாணமாகி மலாயாவுக்கு வந்தபோது கப்பலின் மேல்தட்டில், ஆடுகளுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தாள். அந்த நாற்றத்தை அவள் மறக்கவே இல்லை. திரும்பிப் போனால் தன் படகில், தன் கையால் பாய் ஏற்றித்தான் போவது என்று அன்றைக்கே தீர்மானம் பண்ணிவிட்டாள். கணவர் கனகசபை செந்தூல் பட்டறையில் காலமெல்லாம் பாய்லர் பார்த்தவர். ஒரு விபத்தில் வலது கை நசுங்கி, இப்போது அதில் பாதி பலம்தான். ஆகவே படகு ஒன்றரை ஆள் ஓட்டக்கூடியதாக இருக்கவேண்டும்.

ரப்பர் விலை படுத்துப்போய், கேரி தீவுத் தோட்டத் துரைமார் படகுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுச் சீமைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. துறைமுகத்தில் கப்பல் சாமான் விற்கும் ரெங்கசாமி ஒரு நீளமான வெள்ளைப் படகைக் காட்டி, இதுதான் கௌரவம் என்றார். பூரணம் அதன் பெரிய பாயை அண்ணாந்து பார்த்தாள். அதை இழுக்க நாலு பேர் வேண்டும் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் கிடந்த குட்டையான, தடித்த படகை வாங்கினாள். இரண்டு பாய்மரம், சின்னச் சின்னப் பாய்கள். காற்று முறுக்கினால் ஒன்றை இறக்கிவிட்டு மற்றதோடு போகலாம். பாய்க் கயிறுகளை எல்லாம் கப்பி போட்டு, சுக்கான் பக்கத்து இருக்கைக்கே கொண்டுவந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் பாய் ஏற்றலாம், இறக்கலாம். படகுக்கு அவள் வைத்த பெயர் அடங்காள்.

கனகசபை தன் பங்குக்கு இரண்டு வேலை செய்தார். நீரிறங்கும்போது படகு சேற்றில் சாய்ந்துவிடாமல் நிற்க, இருபுறமும் மரக் கால்கள் செய்து, உள்ளேயிருந்து ஆணி முடுக்குகிறமாதிரி அமைத்தார். பட்டறைக் கழிவிலிருந்து ஒரு பித்தளை வால்வு வாங்கி அடித்தளத்தில் பொருத்தினார். தரைதட்டி நிற்கும்போது அதைத் திறந்தால் படகைக் கழுவின தண்ணீர் ஓடிவிடும். மாதாமாதம் சிப்பி சுரண்டி, புழு அரிக்காமல் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்துப் பூசியது மட்டும் பூரணம்.

இன்றைக்கு வெள்ளோட்டம். துறைமுகத் துரை ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தார். பிற்பகல் நீரேற்றத்தில் இரண்டே பேர் படகை மிதவை வரை கொண்டுபோய்த் திரும்ப வேண்டும். செய்துவிட்டால், ஊருக்குப் போகும் வழியில் முதல் துறையான பினாங்குக்கு அனுமதி. ஒரு இரவு சேற்றில் சாய்ந்து கிடந்தால் கெட்டுவிடாது என்று, நேற்றுச் சாயங்காலமே அவள் மரக்கால்களைக் கழற்றிப் படகின் அறைக்குள் வைத்துவிட்டு ரயிலேறி வீட்டுக்கு வந்தாள். கனகசபை கிள்ளானில் தம்பி வீட்டில் தங்கிவிட்டார். காலையில் முதல் ரயிலில் வந்து பார்த்தால், நீர் நிறைந்த துறையில் இரண்டு பாய்மரம் மட்டும் வெளியே நிற்கிறது. துரை பார்த்துவிட்டு, புழு அரித்த பலகை, பூசினவள் சரியாகப் பூசவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். பலகை கெட்ட படகுக்கு அனுமதி கிடையாது.

"ரெங்கசாமிதான் ஐயா," என்றான் நாகையா. "அஞ்சு ஆளு இல்லாம இந்தப் படக ஓட்ட முடியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. அவரு பிடிச்சுக் குடுக்கிற ஆள் கூலியில கமிஷன் போச்சே. வேற யாரு லா?"

ஐயா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் நன்றாக இறங்கியிருந்தது. படகுகள் கட்டும் மரப் பாலத்தின் மேல் கனகசபை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ரெங்கசாமியும் வந்திருந்தார், துக்கம் விசாரிக்கிற முகத்தோடு. கீழே சேற்றில் மீன்பிடிப் படகுகள் எல்லாம் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தன. அடங்காள் மட்டும் நிமிர்ந்து நின்றாள்.

நாகையா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான். முழங்கால் வரை வாங்கியது. படகை ஒரு சுற்றுச் சுற்றி, பலகை பலகையாகத் தடவிப் பார்த்தான். பூச்சு வழவழவென்று இருந்தது. எங்கேயாவது வெட்டு, துளை, கோடாலிக் காயம் கிடைத்தால் ரெங்கசாமியின் கழுத்தைப் பிடித்துவிடலாம் என்ற ஆசை அவனுக்கு. ஒன்றுமே இல்லை. ஏறி உள்ளே எட்டிப் பார்த்தால் முட்ட முட்டத் தண்ணீர். அரிசி டின் மிதந்துகொண்டிருந்தது.

ஓட்டை ஒன்றும் அகப்படவில்லை என்று அவன் சோர்ந்துபோய்க் கத்தினான். வெளிப்பக்கம் எங்காவது தண்ணீர் கசிகிறதா என்று ஐயா கேட்டார். ஒரு சொட்டுக்கூட இல்லை என்றான். வால்வைப் பார் என்றார். நாகையா மூச்சைப் பிடித்துத் தலையை முக்கி, கையால் துழாவிவிட்டு, அரிசியும் மீசையுமாக எழுந்தான்.

"மூடித்தான் இருக்கு ஐயா. கைப்பிடிய நூல்கயித்தால ரெண்டு சுத்துச் சுத்திக் கட்டியிருக்கு. எங்க செந்தூல்ல பாய்லர் வால்வ மூடினா இப்படித்தான் கட்டுவாங்க, அதிர்வுல திறந்துக்கக் கூடாதுன்னு."

நீ கட்டினதா என்று ஐயா பூரணத்தைக் கேட்டதற்கு, தான் கட்டுவதே இல்லை என்றாள். ஆபத்துக்கு ஒரு கையால் திறக்கவேண்டும், மூடவேண்டும். முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருக்க நேரமிருக்காது. சொல்லி முடித்தவள், ஏதோ நினைவு வந்தமாதிரி படகின் மரக்கால்களைப் பார்த்தாள்.

பாலசுந்தரம் அவளைத் தனியே அழைத்துப்போனார். நாகையாவும் கூடவே போனான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

"தங்கச்சி, பலகை நல்லம் எண்டு துரைக்கு என்னால நிரூபிக்க ஏலும். அதோட நிப்பாட்டலாம். ஆர் செய்தது எண்டு சொன்னால், பிறகு கேக்காத மாதிரி இருக்க ஏலாது."

"சொல்லுங்கோ அண்ணை. எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ. நான்தான் படகைக் கெடுத்தனான் எண்டும் எல்லாருக்கும் முன்னாலதானே சொன்னவை."

துரையை வரவழைத்தார்கள். பாலசுந்தரம் கோர்ட்டில் நிற்பதுபோலவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, துரைக்கு ஆங்கிலத்திலும் மற்றவர்களுக்குத் தமிழிலுமாக, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

புழு அரித்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்திருந்தால், கடல் இறங்கியதும் அதே ஓட்டை வழியாக வெளியே போயிருக்கும். துரை காலையில் பார்த்தபோது எங்கும் நீர், அதனால் அது தெரியவில்லை. இப்போது படகு சேற்றில் நிற்கிறது. உள்ளே தண்ணீர் அப்படியே நிற்கிறது. இதைவிடப் பலகைக்கு என்ன சாட்சி வேண்டும்? அப்படியானால் தண்ணீர் வந்த வழி ஒன்று இருந்தது, வந்த பிறகு அது அடைக்கப்பட்டது. அந்த வழி வால்வுதான்.

படகைக் கெடுக்க வந்த எதிரி வால்வைத் திறந்துவிட்டு ஓடியிருப்பான். மூடிக்கொண்டு நின்றிருக்கமாட்டான். இங்கே ஒருவர் நீர் நிறையும் வரை காத்திருந்து, மூடி, செந்தூல் வழக்கப்படி கட்டியும் வைத்திருக்கிறார். திறந்தவன் மூடாமல் போகக்கூடாது என்பது பட்டறையில் ஊறிய பழக்கம். மனம் கலங்கியிருந்தாலும் கை அதைச் செய்துவிட்டது.

"அதுமட்டுமில்லை. பூரணம் கழற்றி வைத்த மரக்கால்கள் இப்ப மாட்டியிருக்கு. உள்ளேயிருந்து முடுக்கியிருக்கு. படகு தாழவேணும், ஆனால் தண்ணிப் பாரத்தோட சாய்ஞ்சு அதின்ர விலா முறியக்கூடாது எண்டு நினைச்ச ஒருவர் அதைச் செய்திருக்கிறார். அந்தக் கால் எப்படி மாட்டுறது எண்டு தெரிஞ்சவை ரெண்டே பேர்."

நாகையா வாயைப் பிளந்தான். நிமிர்ந்து நின்ற படகை வந்ததுமே பார்த்தவன் அவன்தான். வால்வுக் கட்டைக் கண்டு சொன்னவனும் அவன்தான். தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

கனகசபை மறுக்கவில்லை. தொப்பியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்குப் பயம் பூரணம்," என்றார். "இந்தக் கையோட நடுக்கடல்ல உன்னைக் காப்பாத்த ஏலாது. படகில ஊருக்குப் போற வீரன் எண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்க எனக்கு மாலை போட்டாங்கள். எப்படிச் சொல்லுறது?"

நாகையாவுக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும். வந்தது, கூடவே இரக்கமும் வந்து தொலைத்தது. ரெங்கசாமிதான் முதலில் வாயைத் திறந்தார். பலகை சரிதான், ஆனால் துரை கேட்டது இரண்டு பேர். இப்போது ஒரு ஆள் குறைகிறதே, தான் வேண்டுமானால் ஆள் தருகிறேன் என்றார்.

பூரணம் பதில் சொல்லாமல் சேற்றில் இறங்கினாள். சேலையைச் செருகிக்கொண்டு படகில் ஏறி, நீருக்குள் குனிந்து, வால்வைத் திறந்தாள். அடியிலிருந்து தண்ணீர் பீறிட்டது. கூட்டம் நின்று பார்த்தது. காலி ஆனதும் வால்வை மூடி, நனைந்த மூட்டைகளைப் பாலத்தில் தூக்கி எறிந்து, மரக்கால்களின் ஆணியைத் தளர்த்தி வைத்துவிட்டு, சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்து கடல் ஏறுவதற்காகக் காத்திருந்தாள். நாகையா உதவிக்குப் போனான். வேண்டாம் தம்பி, பிறகு அதையும் கணக்குச் சொல்லுவாங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

பிற்பகலில் அடங்காள் மெல்ல அசைந்து மிதந்தாள். பூரணம் மரக்கால்களைக் கழற்றி உள்ளே இழுத்துப் போட்டாள். துரையைப் பார்த்து, நிமிர்ந்து, தமிழிலேயே சொன்னாள். பாலசுந்தரம் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் அதை ஆங்கிலமாக்கினார்.

"படகோட்ட ரெண்டு பேர் காணுமோ எண்டுதானே கேட்டனீங்கள். ஒருத்தி காணும். பாத்துக்கொண்டு நில்லுங்கோ."

பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். படகின் கயிறு பாலத்துத் தூணில், அவருடைய காலடியில்தான் கட்டியிருந்தது.

"இஞ்சேருங்கோ. என்னைக் காப்பாத்தச் சொல்லி நான் கேக்கயில்லை. பயம் எண்டு சொல்லியிருந்தால் வீட்டில விட்டிட்டுப் போயிருப்பன், கோவிச்சிருக்கமாட்டன். இப்ப கயித்தை அவிழ்த்து விடுங்கோ."

கனகசபை குனிந்தார். முடிச்சு இறுகியிருந்தது. பாதிப் பலமிருந்த கைக்கு அது பிடி கொடுக்கவில்லை. நாகையா ஒரு அடி முன்னால் வைக்க, ஐயா அவன் தோளைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். நேரம் எடுத்தது. அவிழ்ந்தது. கனகசபை கயிற்றைச் சுருட்டிப் படகுக்குள் போட்டார், ஒழுங்காக, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில்.

இருந்த இடத்தை விட்டு எழாமலே பூரணம் கயிறுகளை இழுத்தாள். முன்பாய் ஏறியது, பின்பாய் ஏறியது. மிதவையைச் சுற்றித் திரும்பினாள். ரெங்கசாமியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, படகில் இருந்த ஆளை நாகையா விரலால் சுட்டி மெதுவாக எண்ணிக் காட்டினான்.

"ஒண்ணு," என்றான்.