நான்கு நிமிடத்தில் முடிந்த பாடம்

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் நான் ஒருத்தியே நாற்பது மாணவர்கள்.

அக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு. மாலையானால் அவள் சமையலறைக் கதவைக் கரும்பலகையாக நினைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்பாள். நான் எதிரே பாயில் உட்கார்ந்திருப்பேன்.

"கடைசி பெஞ்சு, அங்க என்ன பேச்சு?" என்பாள்.

நான் திரும்பிப் பார்ப்பேன். பின்னால் துவைக்க வேண்டிய துணி மட்டும் குவிந்து கிடக்கும்.

பாடம், தண்ணீர் ஆவியாவது பற்றியது. அதை ஏழு முறை கேட்டுவிட்டேன்.

அக்காவின் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. நிஜக் குழந்தைகளிடம் போவதற்கு முன், அவர்கள் ஒருவருக்கொருவர் பாடம் நடத்திப் பழக வேண்டும். ஒருவர் ஆசிரியர். மற்ற எல்லோரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். பத்து நிமிடம் நடத்த வேண்டும். பேராசிரியை கடைசி வரிசையில் கடிகாரத்தோடும் குறிப்பேட்டோடும் உட்கார்ந்திருப்பார். அவர் சரி என்றால்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள்.

அக்காவின் பாடம் முதல் தடவை நான்கே நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"இன்னொரு தடவைதான் விடுவாங்களாம். அதுவும் இப்படி ஆச்சுன்னா அடுத்த வருஷம்தான்" என்றாள்.

"எப்படிக்கா நாலு நிமிஷத்துல முடிஞ்சுது?"

"அதான் புரியல குருவி. எல்லாரும் எனக்கு அவ்வளவு உதவி பண்ணாங்க."

குருவி என்பது நான்தான். குரல் அவ்வளவு சின்னது. பள்ளியில் வருகைப் பதிவின்போது, "உள்ளேன் டீச்சர்" என்று நான் சொன்ன பிறகும், "வரலையா?" என்று கேட்பார்கள்.

இரண்டாம் தடவை சனிக்கிழமை வந்தது. எனக்கு விடுமுறை. அம்மா வேலைக்குப் போய்விட்டார். என்னைத் தனியாக விட மனமில்லாமல் அக்கா கூடவே அழைத்துப் போனாள்.

"அங்க வந்து வாயைத் திறக்கக்கூடாது."

"நான் என்னிக்குத் திறந்திருக்கேன்?"

அக்கா சிரித்துவிட்டாள். பிறகு பேருந்தில் வழி முழுக்க உதட்டுக்குள் பாடத்தையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வகுப்பறையில் பதினான்கு பெரியவர்கள் சின்ன பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரையும்விட உயரமான ஒரு அண்ணன், "டீச்சர், இவன் என் பென்சிலை எடுத்துட்டான்!" என்று கத்தினார். அவருக்கு அடர்த்தியான மீசை இருந்தது. நான் ஓரத்தில் இடம் பிடித்தேன்.

மூக்குக்கண்ணாடி போட்ட அக்கா ஒருவர் எழுந்து வந்து என் அக்காவின் காதருகே, "பயப்படாதடி. நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள நாங்க பதில் சொல்லிடறோம். அடுத்து என் பாடத்துக்கு நீ சொல்லிடு" என்றார்.

அக்கா தலையாட்டினாள். பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்து, "ம், ஆரம்பி" என்றார்.

அக்கா ஒரு சிலேட்டில் தண்ணீர் தெளித்து ஜன்னலோரம் வைத்தாள்.

"இந்தத் தண்ணி கொஞ்ச நேரத்துல என்ன ஆகும்?"

பதினான்கு கைகள் உயர்ந்தன. "ஆவியாகிடும் டீச்சர்!"

"எதனால?"

"வெப்பத்தால டீச்சர்!"

"எப்போ சீக்கிரம்..."

"காத்தடிச்சா டீச்சர்! வெயிலடிச்சா டீச்சர்! பரப்பளவு அதிகமா இருந்தா டீச்சர்!"

அக்கா குறிப்பில் ஒரு பக்கத்தைத் திருப்பினாள். இன்னொன்றைத் திருப்பினாள். அதற்குப் பிறகு பக்கம் இல்லை. அவள் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியதை எல்லாம் அவர்கள் மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டார்கள்.

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம்.

"ஏதாவது... சந்தேகம் இருக்கா?"

"இல்ல டீச்சர்!" என்றார்கள், அன்போடு, ஒரே குரலில்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லாம் தெரிந்தவர்களுக்கு எதைச் சொல்லித் தருவது? இவர்கள் உதவுவதை நிறுத்தினால்தான் அக்கா பிழைப்பாள்.

அவள் கையில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. பேராசிரியை குறிப்பேட்டில் எதையோ எழுதக் குனிந்தார்.

ஏழு முறை கேட்டும் எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. வீட்டில் கேட்டிருப்பேன். நடுவில் நிறுத்தினால் அவளுக்குப் பாடம் மறந்துவிடுமே என்று விட்டுவிட்டேன்.

கையைத் தூக்கினேன்.

அக்கா வேண்டாம் என்பதுபோல் கண்ணை உருட்டினாள். நான் கையை இறக்கவில்லை.

"சொல்லும்மா" என்றாள் கடைசியில்.

"தண்ணி கொதிச்சாதானே ஆவியாகும்? சிலேட்டு கொதிக்கவே இல்லையே. அப்புறம் எப்படிப் போகும்?"

"சத்தமா!" என்றார் பேராசிரியை.

என் காது சூடானது. எழுந்து நின்று, இருக்கிற குரலை எல்லாம் திரட்டி மறுபடியும் கேட்டேன்.

மீசை அண்ணன் பழக்கத்தில் கையைத் தூக்கினார். பிறகு மெதுவாக இறக்கினார்.

"அதானே?" என்றார். "டீச்சர், எப்படிப் போகுது?"

மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அக்கா ஜன்னலையே பார்த்தபடி நின்றாள். சட்டென்று குறிப்பை மூடி மேசையில் வைத்தாள். தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டாள்.

"எல்லாரும் எழுந்திரிங்க. இதுக்குள்ள வந்து நில்லுங்க."

அது அரிசி வாங்கி வரச் சொல்லும்போது என்னிடம் பேசுகிற குரல். பதினான்கு பேரும் பேசாமல் வந்தார்கள். நானும் நடுவில் புகுந்துகொண்டேன்.

"இந்த வட்டம்தான் சிலேட்டுல இருக்கிற தண்ணி. நீங்க ஒவ்வொருத்தரும் கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்கு. தண்ணி சும்மா இருக்கிற மாதிரி இருக்கும். ஆனா உள்ள எல்லாரும் ஆடிக்கிட்டேதான் இருப்பாங்க. ஆடுங்க!"

ஆடினோம். யாரோ என் காலை மிதித்தார்கள்.

"எல்லாருக்கும் ஒரே வேகமா?"

"இல்ல டீச்சர், இவன் மட்டும் பேய் மாதிரி இடிக்கிறான்!"

"அப்போ ஓரத்துல நின்னு வேகமா ஆடறவங்க என்ன ஆவாங்க?"

மீசை அண்ணன் ஏற்கெனவே கோட்டைத் தாண்டிக் கதவருகே போய்விட்டிருந்தார்.

"போயிட்டேன் டீச்சர்! கொதிக்காமலே போயிட்டேன்!"

"டீச்சர், நான் நடுவுல மாட்டிக்கிட்டேன்" என்றார் கண்ணாடி அக்கா.

"கொதிக்கும்போதுதான் நடுவுல இருக்கிறவங்களும் திமுதிமுன்னு கிளம்புவாங்க. இது அப்படி இல்ல. ஓரம் வந்தா உங்க முறை."

ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

"காத்தடிச்சா?" என்று நான் கேட்டேன். இந்தத் தடவை யாரும் சத்தமாகக் கேட்கச் சொல்லவில்லை.

"போனவங்க திரும்பி வராம காத்து அள்ளிட்டுப் போயிடும். மேடம், நீங்க காத்து. கொஞ்சம் வீசுங்க."

சொல்லிவிட்டு அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பேராசிரியை எழுந்தார். குறிப்பேட்டை விசிறியாகப் பிடித்துக்கொண்டு எங்களை நோக்கி வீசிக்கொண்டே வந்தார். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே கலைந்து ஓடினார்கள்.

கடைசியில் வட்டத்துக்குள் நான் மட்டும் இருந்தேன். ஒரு குதி குதித்து வெளியே வந்தேன்.

தரையில் வெறும் கோடு இருந்தது. எல்லோரும் அதையே பார்த்தோம்.

பத்து நிமிடம் தாண்டியதை யாரும் கவனிக்கவில்லை. பாடம் பதினேழு நிமிடம் ஓடியிருந்தது. பேராசிரியை மூச்சு வாங்கியபடி உட்கார்ந்து, "திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போ. ஆனா நேரம் தாண்டிட்ட. ஒரு மார்க் குறைக்கிறேன்" என்றார்.

அன்று மாலை அம்மாவிடமும், பக்கத்து வீட்டிலும், தையற்கடைக்காரரிடமும் அக்கா அதைத்தான் சொன்னாள். ஒரு மதிப்பெண் குறைந்ததை இவ்வளவு பெருமையாகச் சொன்னவரை நான் இன்றுவரை வேறெங்கும் பார்த்ததில்லை.