தோல் உரியும் பருவம்

கொல்லை மரத்தின் பட்டை உரிந்திருந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. கோடை முடியும் தறுவாயில் ஆண் மான்கள் தங்கள் கொம்பைப் போர்த்தியிருக்கும் மெத்தென்ற தோலை மரங்களில் தேய்த்துத் தேய்த்து உரித்துப் போடும். ரத்தம் கசியும் நார்களாக அது கொம்பிலிருந்து தொங்குவதை எல்வி சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள். ஆனால் மான் தேய்த்தால் இடுப்பு உயரத்தில் தேய்க்கும். இந்தக் காயம் அவள் நெற்றிக்கு நேராக இருந்தது.

கீழே ஈரமணலில் குளம்புத் தடம் ஒன்றுகூட இல்லை. கிடா வாடை மட்டும் வீசியது.

பைக்ஸ் ஹார்பரில் இலையுதிர்காலத்தை முதலில் கண்டுபிடிப்பவள் எல்விதான். சுப்பீரியர் ஏரியின் மேல் காலைப் பனி கனத்துக் கிடக்கும் நாள், மேப்பிள் மரத்தில் ஒரே ஒரு கிளை மட்டும் காய்ச்சல் கண்டதுபோலச் சிவக்கும் நாள், காட்டு வாத்துகள் வரிசை கட்டத் தெரியாமல் வானத்தில் தடுமாறிப் பழகும் நாள், எல்லாம் அவள் கண்ணில்தான் முதலில் படும். பக்கத்து வீட்டு மார்லிஸுக்கும் அவளுக்கும் வருடாவருடம் இதில் பந்தயம். தோற்றவள் புளூபெர்ரி பை சுட வேண்டும்.

"ஆகஸ்ட்டே முடியலடி. உனக்கு மட்டும் ஏரி ஆள் அனுப்பிச் சொல்லுதா?" வேலிக்கு அந்தப் பக்கம் காபிக் கோப்பையோடு நின்றாள் மார்லிஸ்.

"பந்தயத்த விடு. இங்க வந்து பாரு. இவ்வளவு உயரத்துல எந்த மான் தேய்க்கும்?"

"ஏணி போட்டு ஏறுற மான்." மார்லிஸ் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "என் புருஷன்னு ஒரு கிடா இருக்கே, அதைத்தான் கேக்கணும். கோர்டிக்குக் கொஞ்ச நாளா தலைவலி. படகுக் கொட்டகையிலதான் படுக்கை. நேத்து ஆப்பிள் மரத்தடியில நின்னுக்கிட்டு, கையால பறிக்காம, வாயாலயே கடிச்சுத் தின்னான். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். யாரு நீங்கற மாதிரி பார்க்கறான்."

எல்வி மறுபடி பட்டையைப் பார்த்தாள். அவள் கணவன் ரஸ்ஸலும் சில நாட்களாகத் தொப்பியைக் கழற்றாமலேயே படுத்தான்.

அன்று படகுப் பட்டறையிலிருந்து அவன் வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. கூடவே ஒரு வாடை வந்தது. கிடா வாடை. காலையில் மரத்தடியில் வீசிய அதே வாடை. சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட முடியாதபடி அவன் கழுத்து தடித்திருந்தது. வறுத்த சாஸேஜை முகர்ந்து பார்த்துத் தட்டைத் தள்ளினான். அவள் நறுக்க வைத்திருந்த முட்டைக்கோஸை இழுத்து, இலை இலையாகக் கிழித்து மென்றான்.

"சாப்பிடறப்பவாவது தொப்பியக் கழட்டேன்."

"அரிக்குது."

"அரிச்சா கழட்டத்தானே வேணும்? காட்டு, நான் பார்க்கறேன்."

"வேணாம்னு சொன்னேன்ல."

எழுந்து ஜன்னலருகே போய் நின்றான். நெற்றியை ஜன்னல் சட்டத்தில் வைத்து மெல்ல, சுகமாக, கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தான். பிறகு பக்கத்து வீட்டையே பார்த்தான்.

"கோர்டி இந்தப் பக்கம் வரக் கூடாது."

"என்ன பேச்சு இது? பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒண்ணா தூண்டில் போடறவன். உன் கல்யாணத்துல உனக்கு முன்னாடி அழுதவன் அவன்."

ரஸ்ஸல் மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டான். மனிதர்கள் அப்படி மூச்சு விடுவதில்லை. பின்கதவைத் திறந்து வெளியே போனான்.

எல்வி பாத்திரம் கழுவ நின்றாள். கைகளுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. குழாய் நீரின் சத்தத்துக்கு நடுவே, கரையில் மோதித் திரும்பும் அலைகளின் சத்தத்துக்கு நடுவே, வேறொரு ஓசை கேட்டது. கரடுமுரடான பலகையை உப்புத்தாளால் தேய்ப்பதுபோல, நின்று நின்று, பிறகு அவசரமாக, பிறகு நிற்காமல். குழாயை மூடினாள். ஓசை நின்றது. குழாயைத் திறக்காமலே காத்திருந்தாள். மறுபடி தொடங்கியது. இப்போது அதில் ஈரம் இருந்தது.

"ரஸ்ஸல்?"

வெளியே அந்திவானம் தாழ்ந்து கிடந்தது. தண்ணீரில் ஒரு பறவைகூட இல்லை. மரத்தடியில் அவனும் இல்லை. தொப்பி மட்டும் கிடந்தது. பட்டையில் ஏதோ நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டாள். சூடாக இருந்தது. மான் தோல், வேறென்ன, மான் தோல்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே விரல்களில் எடுத்துத் திருப்பினாள்.

அதில் ஒரு புருவம் இருந்தது.

கத்த வாய் திறந்தாள். ஏரியிலிருந்து சத்தம் வந்தது.

முழங்கால் ஆழ நீரில் இரண்டு பேர் எதிரெதிரே நின்றார்கள். கோர்டி, ரஸ்ஸல். இருவரின் முகமும் நெற்றியிலிருந்து கன்னம்வரை சிவப்பாக, பளபளவென்று, உரிந்து கிடந்தது. உரிந்த இடத்தில் எலும்பு வெண்மையாக முட்டிக்கொண்டு வெளியே வளர்ந்திருந்தது. கிளைத்திருந்தது.

தலையைத் தாழ்த்தினார்கள்.

மோதினார்கள்.

அந்த ஒலி அவள் பல்லில் இறங்கியது. விலகினார்கள். மறுபடி. எலும்போடு எலும்பு. ஒருவனின் தோள் கிழிந்து திறந்தது. மற்றவனின் ஒரு கண் போயிற்று. இருவரில் யாரும் ஒரு முனகல்கூட விடவில்லை.

எல்வி படகிலிருந்து துடுப்பை உருவிக்கொண்டு நீருக்குள் ஓடினாள். "விடுடா அவனை! ரஸ்ஸல், நான்டா, எல்வி!" கோர்டியின் முதுகில் அடித்தாள். அடுத்து யார் மேல் அடிக்கிறோம் என்றே தெரியாமல் அடித்தாள். துடுப்பு இரண்டாக முறிந்தது. அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் வீசிய ஒரு தலை அவளைத் தூக்கிக் கரையில் எறிந்தது. விலா எலும்பு ஏதோ முறிந்தது. நுரை சிவப்பாக வந்து அவள் பாதத்தை நனைத்துப் போனது.

"மார்லிஸ்! போலீசைக் கூப்பிடு! மார்லிஸ்!"

மார்லிஸ் வேலியோரம் நின்றிருந்தாள். அழவில்லை. ஓடவில்லை. கையிலிருந்த செடியின் தழையை மெதுவாக மென்றுகொண்டிருந்தாள். காற்று வரும் திசையில் முகத்தைத் தூக்கி முகர்ந்தாள்.

"கத்தாதடி," என்றாள் அமைதியாக. "முடியப் போகுது."

நீரில் கடைசி மோதல். பிறகு ஒரு முறுக்கு. ஈர விறகு ஒடிவதுபோல ஒரு கழுத்து ஒடிந்தது.

அமைதி.

விலாவைப் பிடித்துக்கொண்டு எல்வி எழுந்தாள். ஓட வேண்டும். வண்டிச் சாவி சமையலறையில் இருந்தது. சாலை வீட்டின் முன்னால் இருந்தது. எல்விக்கு எல்லாம் தெரிந்தது. கால்கள் அசையவில்லை. நாசி மட்டும் தானாக விரிந்தது. கிடா வாடை நெஞ்சு நிறைய இறங்கியது. அது இப்போது அவளுக்குக் குமட்டவில்லை.

நீரை உழுதுகொண்டு ஒருவன் கரையேறினான். செத்தவனின் தலை அவன் தலையோடு கொம்பில் கொம்பு சிக்கிக் கிடக்க, அந்த உடலை மணலில் இழுத்துக்கொண்டே வந்தான். வருவது ரஸ்ஸலா, இழுபடுவது ரஸ்ஸலா என்று சொல்ல இரண்டு பேரிடமும் முகம் இல்லை.

இரண்டு பெண்களும் அசையாமல் நின்றார்கள். அவன் அவர்களை நோக்கி நடந்தான்.