வெட்டாமல் விட்ட பனியன்

அக்கினி நட்சத்திரத்தில், மதியம் இரண்டு மணிக்கு, தகரக் கூரைக்குக் கீழே தூங்கும் நாலு வயசுப் பிள்ளையின் கை சில்லென்று இருந்தால் எந்தத் தாய்தான் பதறமாட்டாள்?

மதுமதி நெற்றியையும் தொட்டுப் பார்த்தாள்; அதுவும் சில்லென்றுதான் இருந்தது. திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் அவள் துணி செக்கிங் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் குழந்தைகள் அறை அது. தையல் மிஷின்களின் இரைச்சல் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருக்க, புதுத்துணி நெடியும் புளித்த பால் வாடையும் கலந்த புழுக்கத்தில் மற்றப் பிள்ளைகளெல்லாம் தொப்பலாக நனைந்து தூங்கிக்கொண்டிருந்தன. அவள் மகள் யாழினியின் கழுத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"ஏங்கண்ணு, மூணு நாளா புள்ளைக்கு வேர்க்கவே மாட்டேங்குது," என்றாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பழனியம்மாள்.

அந்தப் பனியனைப் போட்டுவிட்டும் மூன்று நாள்தான்.

வெளிநாட்டு ஆர்டருக்கு வந்த புதுத் துணி. உடம்பு சூடானால் சூட்டைத் தானாக வெளியே விடுமாம், குளிர்ந்தால் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். கரண்டு வேண்டாம், பேட்டரி வேண்டாம். தேறாத சாம்பிளைக் கத்தரியால் குறுக்கே வெட்டிப் போடச் சொல்லியிருந்தார் சூப்பர்வைசர் கந்தவேல். திருப்பூரில் எந்த செக்கிங்காரி நல்ல துணியை வெட்டியிருக்கிறாள்? ஊர்ப் பிள்ளைகள் பாதி வளர்ந்ததே ரிஜெக்ட் பீஸில்தானே. வேர்க்குருவில் துடிக்கும் மகளுக்கு ஆகுமென்று டிபன் பைக்குள் சுருட்டிக்கொண்டாள். பாழாய்ப்போன ஆசை. அது ஏன் தேறவில்லை என்று இன்று காலையில்தான் அவரிடம் கேட்டாள்.

"அது சூட்டை வாங்குதுங்க. திருப்பிக் குடுக்க மாட்டேங்குது."

அதனால்தான் டெஸ்டிங் மேஜையிலிருந்த வெப்பக் கேமராவைக் கையோடு எடுத்து வந்திருந்தாள். சூடு ஆரஞ்சாகத் தெரியும், குளிர் நீலமாக.

பனியனைக் கழற்றிப் பாயில் போட்டாள். கையில் வெதுவெதுப்பு ஒட்டிக்கொண்டு நின்றது. கேமராவைத் திருப்பினாள். திரையில் யாழினி இல்லை. தரையும் பிள்ளையும் ஒரே நீலம். பக்கத்தில் பனியன் மட்டும் ஆரஞ்சாக. அதன் நெஞ்சுப்பகுதி மெல்ல ஏறியது. இறங்கியது.

"அம்மா, குளுருது. அதையே போட்டுடும்மா."

உதடு கறுத்துவிட்டது. பல் கிட்டியது. பெற்றவள் என்ன செய்வாள்? கேமராவைச் சுவரில் சாய்த்து, அதன் மடக்குத் திரையைத் தன் பக்கம் திருப்பிவிட்டு, பனியனையே மாட்டிவிட்டாள். மகளை வாரி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். எடுத்துக்கோ. என் சூட்டை எடுத்துக்கோ. அவளை விட்டுவிடு.

நடுக்கம் நின்றது. ஐயோ முருகா, நின்றுவிட்டது.

திரையைப் பார்த்தாள். அவள் விரல்கள் நீலம். மணிக்கட்டு. முழங்கை. நெஞ்சில் சாய்ந்திருந்த மகளின் முகமும் நீலம். பனியன் மட்டும் முன்னைவிடச் சிவந்து, முன்னைவிட வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

"என்னாச்சு கண்ணு?" பழனியம்மாள் குனிந்து அவள் தோளில் கை வைத்தாள்.

தொடாதீங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நாக்கு அசையவில்லை. திரையில், தோளின்மேல் இருந்த ஐந்து விரல்களும் நுனியிலிருந்து ஒவ்வொன்றாக நீலமாகிக்கொண்டு வந்தன.